குழந்தைகள் வரையும் ஊர் ஏன் சேற்று நிறமாகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். எட்டு வயது மகளும் அபார்ட்மெண்ட் தோழிகள் ஐந்து பேரும் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து வாட்டர் கலரில் ஊர் வரைகிறார்கள். மஞ்சள் வீடு, ரோஸ் வீடு, நீல வீடு என்று உற்சாகமாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஓடி, பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரே சேறு. பேப்பர் அப்பளம் மாதிரி சுருண்டுவிடுகிறது, சில இடங்களில் கிழிந்தும் போகிறது. நல்ல கலர் பாக்ஸ் வாங்கித் தரலாமா, அல்லது முதலில் பென்சிலில் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும்படி வரையும் முறை, சொல்லித்தர வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 16 வருடமாக, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாட்டர் கலர் சொல்லித்தருகிறேன். நீங்கள் சொல்லும் சேறு ஒவ்வொரு புது பேட்ச்சிலும் முதல் வாரம் வந்தே தீரும். அதற்குக் காரணம் கலர் பாக்ஸும் இல்லை, பிள்ளையின் கைத்திறனும் இல்லை. ஒரு வீடு காய்வதற்குள் ஒட்டினாற்போல் அடுத்த வீட்டைப் பூசுவது, பூசிய இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்ப்பது, இந்த இரண்டும்தான்.

வாட்டர் கலர் ஏன் பளிச்சென்று தெரிகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போஸ்டர் கலர் பேப்பரை மூடி மறைத்து உட்காரும். வாட்டர் கலர் கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிசாகப் படியும். வெளிச்சம் அந்த மெல்லிய படலத்துக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெள்ளைப் பேப்பரில் பட்டு, திரும்பவும் நிறத்தின் வழியாகவே வெளியே வருகிறது. படத்துக்குள் விளக்கு எரிகிற மாதிரி இருப்பது அதனால்தான். ஆகவே இதில் மிகப் பிரகாசமான நிறம் பேப்பரின் வெள்ளை. பிள்ளை பிரஷ்ஷை வைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பேப்பரின் மேல்நார் பிய்ந்துபோய், வெளிச்சம் திரும்பி வர வழியில்லாமல் போகிறது. கூடவே மூன்று நான்கு நிறங்கள் ஒன்றாகக் கலக்கும்போது ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். மிச்சம் இருப்பது சேறு.

எங்கள் வகுப்பில் இதற்கு ஒரே ஒரு மருந்து வைத்திருக்கிறேன். அதன் பெயர் சந்து.

மதுரைப் பிள்ளைகளுக்குச் சந்து என்றால் விளக்கவே வேண்டியதில்லை. மாசி வீதிகளுக்கு உள்ளே போனால் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலத்தில் சந்துகள் இருக்கும். பேப்பரிலும் அப்படித்தான். ஒரு வீட்டைப் பூசியதும், அடுத்த வீட்டை ஆரம்பிக்கும் முன் நடுவில் ஒரு பச்சரிசி அகலத்துக்கு வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். அங்கே ஈரம் படக்கூடாது. தண்ணீர் காய்ந்த பேப்பரைத் தாண்டி அவ்வளவு சுலபமாகப் போகாது. ஈரம் எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் நிறமும் போகும். அரிசி அகலக் காய்ந்த இடம் நிறத்துக்கு மதில் சுவர் மாதிரி.

இதை வாயால் சொன்னால் ஏறாது, செய்து காட்டுங்கள். ஒரு சின்னத் துண்டுப் பேப்பரில் மஞ்சளில் ஒரு சதுரம், நன்றாகத் தண்ணீர் தேங்கும்படி. பக்கத்தில் அரிசி அகலச் சந்து விட்டு நீலத்தில் இன்னொரு சதுரம். இப்போது பேப்பரை மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். நீலத் தண்ணீர் சதுரத்தின் ஓரத்துக்கு வந்து, குண்டாக உப்பி, விழப்போகிற மாதிரி நிற்கும், ஆனால் சந்தைத் தாண்டாது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு ஈரமான பிரஷ் நுனியால் சந்தின் நடுவே ஒரு புள்ளி வையுங்கள், பாலம் போடுகிற மாதிரி. அடுத்த நொடியே இரண்டும் பாய்ந்து வந்து கட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு பச்சை பிறக்கும். போன ஜூன் மாதம் ஒரு ஏழு வயதுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, "மிஸ், கதவத் தொறந்து விட்டீங்க!" என்று கத்தினாள். அன்றிலிருந்து எங்கள் மாடியில் அதற்குப் பெயரே கதவு திறப்பது.

அதே விளையாட்டைச் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் செய்யுங்கள். கதவைத் திறந்ததும் பழுப்பு வரும். ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் அப்படியே. ஆரஞ்சும் நீலமும் சேர்ந்தால் சாம்பல். ஆக மஞ்சளும் ஆரஞ்சும், ரோஸும் ஊதாவும், நீலமும் பச்சையும் கதவைத் திறந்து பழகலாம், சிவப்பும் பச்சையும் பக்கத்து பக்கத்து வீடாக இருக்கலாம், ஆனால் நடுவில் சந்து வேண்டும். நிறங்களை வட்டமாக அடுக்கிய கலர் வீல் அட்டையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்யவைப்பதைவிட இந்தப் பத்து நிமிஷம் பிள்ளையின் மனதில் நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. படம் காய்ந்த பிறகு அந்தச் சந்துகள் வெள்ளைக் கோடுகளாக மின்னும். ஓடாமல் தடுக்க விட்ட இடமே வீடுகளுக்கு நடுவில் வெயில் விழுந்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

காத்திருப்பது இரண்டாவது விஷயம். ஈரப் பேப்பர் மினுங்கும். மினுக்கம் போனதும் காய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள், அது பாதிதான். புறங்கையை மெதுவாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படிப் பாதி காய்ந்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஓரம் சுருள்சுருளாக விரிந்து காலிஃபிளவர் பூத்துவிடும். அதை அழிக்கத் தேய்த்தால் சேறு ஆரம்பம். எட்டு வயதில் சும்மா உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேப்பர் கொடுத்துவிடுங்கள். ஒன்று காயும்போது அடுத்ததில் வேலை. இந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் சனிக்கிழமைப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் அக்னி நட்சத்திரத்தில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்துவிடும், அப்போது காலை ஏழு மணிக்கே வகுப்பை வைத்துவிடுவேன். நீங்கள் கடலோரத்தில் இருந்தால் காற்றில் ஈரப்பதம் அதிகம், காய நேரமெடுக்கும். பெரிய இடம் பூசும்போது ஃபேனை நிறுத்துங்கள், பூசி முடித்து மினுக்கம் குறைந்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாகத் திட்டுத் திட்டாக வரும்.

சாமான்கள் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. காசு இருந்தால் பேப்பரில் போடுங்கள், கலரில் போடாதீர்கள். பள்ளி டிராயிங் நோட்டின் தாள் தண்ணீருக்கானதே இல்லை, சுருண்டு ஓட்டை விழுவது அதன் தப்பு, பிள்ளையின் தப்பில்லை. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள கெட்டி) வாட்டர் கலர் தாள் வாங்குங்கள், கொஞ்சம் சொரசொரப்பானது. முழுக்கப் பருத்தியில் செய்த விலை கூடிய தாள் இப்போது தேவையில்லை, மரக்கூழ்த் தாளே போதும். ஏ4 அளவை இரண்டாக வெட்டுங்கள். சின்னத் தாளில் வாரம் நாலு படம் போடுகிற பிள்ளைதான் வளரும். பெரிய சார்ட்டில் ஒரே படத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை சலித்துப்போகும். பரீட்சை அட்டையில் தாளின் நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள், சுருளாது.

கலருக்குக் கேமல் மாதிரி மாணவர் டியூபே தாராளம். பன்னிரண்டு டியூபில் கறுப்பையும் வெள்ளையையும் முதல் நாளே எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள். பிள்ளை கறுப்பைத் தொட்டால் எல்லா நிழலும் கறுப்பாகும், வெள்ளையைத் தொட்டால் எல்லாம் சுண்ணாம்பு கலந்த மாதிரி மங்கும். லெமன் யெல்லோ, அதைவிடக் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த இன்னொரு மஞ்சள், ஸ்கார்லெட் (ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு), கிரிம்சன் (ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), இந்த ஏழு போதும். பச்சையை அவர்களே கலக்கட்டும். நிழலுக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் உயிருள்ள ஒரு சாம்பல் வரும், கறுப்பைவிட எவ்வளவோ அழகு. அல்ட்ராமரைனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் எடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்த நிறம் அது. பிறகு ஆலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பாட்டி காலத்தில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் அதே சரக்குதான். இதைக் கேட்ட பிறகு டியூபைப் பிதுக்கி வீணாக்க யாருக்கும் மனசு வராது.

டியூபில் இருந்து பயறு அளவு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டின் ஓரத்தில் வைத்துக் காயவிட்டுவிடுங்கள். வாட்டர் கலரில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது வேல மரத்துப் பிசின். காய்ந்தாலும் ஈர பிரஷ் பட்டால் மறுபடி கரையும், அதனால் மிஞ்சியதைக் கழுவிக் கொட்ட வேண்டாம். எவர்சில்வர் தட்டு ஆகாது, அதில் நிறம் சரியாகத் தெரியாது. தண்ணீருக்கு இரண்டு டம்ளர் கட்டாயம், ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று கலர் கரைக்க. உங்கள் வீட்டுச் சேற்றில் ஒரு பங்கு அந்த ஒற்றை டம்ளர் அழுக்குத் தண்ணீரில் இருந்தே வந்திருக்கும். ஆறாம் நம்பர், பத்தாம் நம்பர் ரவுண்டு பிரஷ், ஒரு இன்ச் ஃபிளாட் பிரஷ், ஒரு பழைய வேட்டித் துண்டு. அவ்வளவுதான்.

இனி பென்சிலும் பெர்ஸ்பெக்டிவும். முதல் இரண்டு வாரம் பென்சிலையே எடுக்காதீர்கள். பென்சிலில் வீடு வரைந்த பிள்ளை அடுத்து செய்வது அந்தக் கோட்டுக்குள் கலர் நிரப்புவது. கோட்டைத் தாண்டக்கூடாது என்ற பயத்தில் கை இறுகும், பிரஷ் நுனியால் கீறுவார்கள், ஒரே இடத்தில் பத்து தடவை போவார்கள். அதற்குப் பதில் ஃபிளாட் பிரஷ்ஷைக் கையில் கொடுங்கள். ஒரு அழுத்து, ஒரு இழுப்பு, ஒரு வீடு. பிரஷ் அகலம்தான் வீட்டின் அகலம். பக்கத்தில் சந்து. அடுத்த இழுப்பு கொஞ்சம் உயரமாக. அடுத்தது குட்டையாக. பத்து நிமிஷத்தில் ஒரு தெருவே எழுந்துவிடும். கூரையும் ஜன்னலும் பிறகு.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1914 ஏப்ரலில் பால் க்ளீ, ஆகஸ்ட் மாக்கே, லூயி முவாலியே என்ற மூன்று ஓவியர்கள் ஐரோப்பாவில் இருந்து வட ஆப்பிரிக்காவில் இருக்கும் டூனிஸியாவுக்குப் போனார்கள். ஏறக்குறைய இரண்டு வாரப் பயணம். அங்கே வெள்ளைச் சுவர்களும் குவிமாடங்களும் மொட்டை மாடிகளும் வெயிலில் ஜொலிப்பதைப் பார்த்து க்ளீயும் மாக்கேயும் வாட்டர் கலரில் வரைந்து தள்ளினார்கள். க்ளீயின் படங்களில் ஊர் கிட்டத்தட்ட நிறச் சதுரங்களாகவே பிரிந்துபோயிருக்கும். ஒரு சதுரம் சுவர், ஒரு சதுரம் வயல், ஒரு சதுரம் வானம். நிறம் தன்னை ஆட்கொண்டுவிட்டது, இனி தான் ஓவியன் என்ற பொருளில் அந்தப் பயணத்தில்தான் அவர் நாட்குறிப்பில் எழுதினார். மாக்கே பாவம், அதே வருடம் செப்டம்பரில் போரில் இறந்துபோனார், 27 வயது. இந்தப் படங்களைப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் காட்டுவேன். "இது நாங்க போட்ட மாதிரியே இருக்கே" என்பார்கள். இருக்கத்தான் செய்யும். க்ளீ தன் சிறுவயதுப் படங்களைப் பெரியவரான பிறகு தன் படைப்புப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டவர்.

பெர்ஸ்பெக்டிவுக்கு ஒன்பது, பத்து வயது வரை காத்திருங்கள். ஏழெட்டு வயதில் பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லா வீட்டையும் அதன் மேல் வரிசையாக நிற்கவைப்பார்கள், வானத்தை மேலே ஒரு பட்டையாகப் போடுவார்கள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் இதை ஒரு வளர்ச்சிப் படி என்றே 1940களில் எழுதிவைத்தார். தப்பு என்று திருத்த வேண்டிய விஷயம் இல்லை அது. கோடுகளெல்லாம் தூரத்தில் போய்ச் சேருகிற மறையும் புள்ளியை அந்த வயதில் திணித்தால் பிள்ளை ஸ்கேலைத் தேடும், தெருவைப் பார்க்காது. உங்கள் மகளுக்கு ஆழம் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: முன்வரிசை வீடு காய்ந்ததும் அதன் தலைக்கு மேலே பின்வரிசையை எட்டிப்பார்க்கவை. பின்வரிசைக்குத் தண்ணீர் கூட, நிறம் குறைவு. ராஜஸ்தான் சிற்றோவியங்களில் நகரங்கள் இப்படித்தான் அடுக்கடுக்காக மேலே ஏறிப் போகும்.

எந்த ஊரை வரைவது? நீங்கள் காட்டுவதாகச் சொன்ன மாதிரிப் படங்களில் சிவப்பு ஓட்டுக் கூரை, புகைபோக்கி, படகு எல்லாம் இருக்கின்றன. அழகானவைதான். ஆனால் பிள்ளை பார்த்திராத ஊரைப் பார்த்து வரைந்தால் காப்பி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் மாடிக்கே அழைத்துப் போங்கள். வண்ணத்துக்கு நம் ஊர்களில் பஞ்சமா? பிஸ்தா பச்சை வீட்டை ஒட்டி வாடாமல்லி நிறத்தில் ஒன்று, அதற்கு அடுத்து சந்தன நிறம், படிக்கட்டு அறைக்கு மட்டும் ஆரஞ்சு. நீலத் தகர ஷீட். கொடியில் காயும் ஐந்தாறு நைட்டி. கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை. மாலை நாலு மணிக்கு ஏறுங்கள், வெயில் சாய்ந்திருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் தனியாகப் பிரிந்து தெரியும். பேப்பரே வேண்டாம், முதல் நாள் விரல் விட்டு நிறங்களை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு சாயங்காலம் பச்சையில் மட்டும் 11 வகை எண்ணினார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வயது. அவன் படத்தில் வீடுகளெல்லாம் தீப்பெட்டி அளவு, மாடிமேல் இருந்த தண்ணீர் டேங்க் மட்டும் யானை அளவு. கறுப்பை நான் எடுத்து வைத்துவிட்டதால் அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியென்னாவையும் கெட்டியாகக் கலந்து, வழவழவென்று ஒரே வீச்சில் பூசியிருந்தான். டேங்க் ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவனே, "மிஸ், எங்க வீட்டு ஜன்னல்ல இது மட்டுந்தான் தெரியும்" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கறுநீல டேங்கைச் சுற்றித்தான் மற்ற மஞ்சளும் ரோஸும் அவ்வளவு குதூகலமாகத் தெரிந்தன. எல்லா நிறமும் வெளிறியதாக இருந்தால் படம் சந்தோஷமாக இருக்காது, எங்காவது ஒரு இடத்தில் அடர்த்தி வேண்டும். அதை அன்றைக்கு அவன்தான் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

எங்கள் மாடியில் இருந்து மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள் தெரியும், வெளிக் கோபுரங்கள் நாலும் ஒன்பது நிலை, தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம். ஊரை வரை என்றால் கோபுரம் இல்லாமல் இங்கே எந்தப் பிள்ளையும் வரையாது. வரைய ஆரம்பித்ததும் அழுகையும் ஆரம்பிக்கும், இத்தனை பொம்மை எப்படி மிஸ் போடுவது என்று. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள் என்பேன். சுருக்கினால் சுதைச் சிற்பம் எதுவும் தெரியாது, மேலே போகப்போகக் குறுகும் ஒரு வடிவமும், அதில் மினுக் மினுக்கென்று நிறப் புள்ளிகளும்தான் தெரியும். அதையே வரைகிறோம். முதலில் வெறும் தண்ணீரால் கோபுர வடிவத்தை ஈரப்படுத்த வேண்டும், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற கண்ணாடிக் கோபுரம் அது. மினுக்கம் கொஞ்சம் குறையட்டும். பிறகு ஆறாம் நம்பர் பிரஷ் நுனியில் நிறத்தைச் சற்றுக் கெட்டியாக எடுத்து வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒரு வரிசை ரோஸும் நீலமும், அடுத்தது மஞ்சளும் பச்சையும், நடுநடுவே தொடாமல் விட்ட பேப்பரின் வெள்ளை. ஒவ்வொரு புள்ளியும் ஓரத்தில் மட்டும் லேசாக அவிழ்ந்து, நடுவில் நிறமாக நிற்கும். தண்ணீர் தேங்கி இருக்கும்போதே வைத்தால் கரைந்து ஓடிவிடும், முழுக்கக் காய்ந்தபின் வைத்தால் சுங்குடிப் புடவை மாதிரி தனித்தனியாகத் தெரியும். அதுவும் அழகுதான், சில பிள்ளைகள் அதையே விரும்புவார்கள். ஒரு தடவை புள்ளி வைத்த இடத்துக்கு பிரஷ் திரும்பப் போகக்கூடாது, அது ஒன்றுதான் கட்டளை.

உங்கள் ஊரில் கோபுரம் தெரியாவிட்டால் செல்போன் டவரோ, மசூதி மினாரோ, சர்ச் கோபுரமோ, மேம்பாலமோ தெரியும். எதுவாக இருந்தாலும் மற்ற வீடுகளின் வரிசையைத் தாண்டித் தலை தூக்குகிற ஒன்று படத்தில் இருந்தால் கண் அங்கே போய் உட்காரும்.

ஜன்னல்களைப் பற்றி எச்சரிக்கிறேன். பிள்ளைகளுக்கு ஜன்னல் என்றால் கொண்டாட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் பன்னிரண்டு போட்டு அத்தனைக்கும் கம்பி போடுவார்கள், தெரு ஜெயில் மாதிரி ஆகிவிடும். ஒரு வீட்டுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஏதாவது ஒரு வீட்டுக்கு ஜன்னலே வேண்டாம். வீடு முழுக்கக் காய்ந்தபின், சின்ன பிரஷ்ஷில் ஒரே தொடுதல். சில ஜன்னல்களை மெழுகால் செய்யலாம். கலர் பூசுவதற்கு முன்பே வெள்ளைக் கிரேயானாலோ கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியாலோ சதுரங்கள் அழுத்திப் போட்டுவிட்டால், மேலே எந்த நிறம் பூசினாலும் அந்த இடம் நீரை ஒதுக்கி வெள்ளையாகவே நிற்கும். மஞ்சள் கிரேயானில் போட்டு மேலே அல்ட்ராமரைனும் கிரிம்சனும் கலந்த ஊதாவைப் பூசினால் ராத்திரி ஊர், வீட்டுக்கு வீடு விளக்கு. எனக்குத் தெரிந்து இதைப் பார்த்துக் கைதட்டாத பிள்ளை கிடையாது. மின்கம்பிகளுக்கும் பால்கனிக் கம்பிகளுக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் ஓரத்தைக் கலரில் தோய்த்து முத்திரை மாதிரி ஒற்றி எடுங்கள், நடுக்கமில்லாத மெல்லிய கோடு வரும். ஈர வானத்தில் நாலு கல் உப்பு தூவினால் உப்பு நிறத்தை இழுத்துக்கொண்டு நட்சத்திரப் பொறி மாதிரி தடம் விடும், காய்ந்தபின் தட்டிவிடலாம். ஆனால் இது ஊறுகாய் மாதிரி, எல்லாப் படத்திலும் வேண்டாம்.

நிழல் கடைசியில்தான். படம் எலும்புவரை காய்ந்தபிறகு, அல்ட்ராமரைனில் ஒரு துளி கிரிம்சன் சேர்த்து, டீ மாதிரி நீர்க்கக் கரைத்து, எல்லா வீட்டுக்கும் ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அடியில் இருக்கும் மஞ்சளும் ரோஸும் அதன் வழியாகத் தெரியும். தட்டையாக இருந்த தெரு அந்த நிமிஷத்தில் பெட்டி பெட்டியாக எழுந்து நிற்கும். திரும்பத் தொட்டால் அடி நிறம் கரைந்து போகும், அதனால் முதலில் வேறு பேப்பரில் காற்றில் ஓட்டுகிற மாதிரி நாலு தடவை கையைப் பழக்கிவிட்டுப் பிறகு படத்துக்கு வரச் சொல்லுங்கள். ஆறு, ஏழு வயதுக் குட்டிகளுக்கு இதை விட்டுவிடலாம். உங்கள் மகளால் முடியும்.

தப்பு நடந்தால்? ஈரமாக இருக்கும்போதே வேட்டித் துண்டை மடித்து வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பெரும்பாலும் நிறம் துணியோடு வந்துவிடும். காய்ந்துவிட்டால் சுத்தமான ஈர பிரஷ்ஷால் மெல்ல நனைத்து ஒற்றலாம், கிரிம்சனும் பிரஷ்யன் நீலமும் கறையாகத் தங்கும், மற்றவை ஓரளவு வெளுக்கும். அதுவும் ஆகவில்லையென்றால் அந்த இடம் மரமாகட்டும். என் மாணவர்கள் ஊரில் வேப்பமரங்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பெரியவர்கள் பிரஷ்ஷை வாங்கி ஒரு கோடு சரிசெய்து கொடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சொல்லித்தர வேண்டுமென்றால் உங்களுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு போட்டிக்காக என் படத்தில் வானத்தை ஒரு பெரியவர் பூசிக் கொடுத்தார். பரிசு கிடைத்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் படத்தில் என் கண்ணுக்கு அந்த வானம் மட்டும்தான் தெரிகிறது.

கடைசியாக, டேப் உரிப்பது. பிள்ளைகள் இதற்காகவே காத்திருப்பார்கள், அவசரப்படுத்துவார்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, படத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக இழுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் தாளும் சேர்ந்து உரியும். நாலு பக்கமும் நறுக்கென்று வெள்ளை ஓரம் வந்ததும் அதுவரை சுமாராகத் தெரிந்த படம் சட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். பின்பக்கம் பென்சிலில் தேதியும் எந்த மாடியில் இருந்து பார்த்தது என்பதையும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். சுவரில் மாட்டுவதென்றால் நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள், கிரிம்சன் மாதிரிச் சில சிவப்புகள் வெயிலில் வெளிறிவிடும். அடுத்த சனிக்கிழமை வெறும் துண்டுத் தாளில் மஞ்சள் சதுரம், நீலச் சதுரம், நடுவில் சந்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடுகளை அதற்கடுத்த வாரம் கட்டலாம்.